பொம்மைக்கு யார் பேசுவது?

தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ரெண்டு கேள்வி கேட்டிருக்கிறார். கார்ட்டூன் படங்களிலும் காமிக்ஸிலிருந்து வந்த படங்களிலும் மறக்க முடியாத குரல் தேர்வுகள் எவை, அவை ஏன் மனசில் நிற்கின்றன என்பது முதலாவது. ரெண்டாவது அவருடைய சொந்தச் சங்கடம். சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவுக்கு வாய்ஸ் டெஸ்டுக்குப் போயிருக்கிறார். நாலு வரி பேசவைத்துவிட்டு, "நாகர்கோவில் வாடை அடிக்குது, சரிபண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். அது குறைதானா அண்ணாச்சி என்று கேட்கிறார்.

நான் 12 வருஷம் கோடம்பாக்கத்து மைக்குகளுக்கு முன்னால் நின்றவன். பாதி நாள் கூட்டத்தில் ஒருவனாக "ஐயோ, ஓடுங்க" என்று கத்தியதுதான் வேலை. இப்போது வடசேரியில் கொடைவிழா வில்லுப்பாட்டுக்கும் கல்யாண வீடியோவுக்கும் ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறேன். பெரிய ஆள் இல்லை, ஆனால் அந்தக் கண்ணாடி அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியும்.

ரெண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குவோம். முதலாவதற்கு நான் சொல்ல நினைக்கும் நல்ல உதாரணம் ஒன்று அதற்குள்ளேயே கிடக்கிறது.

2001-இல் வந்த 'ஷ்ரெக்' பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சைப் பூதத்துக்கு முதலில் பேசியவர் கிறிஸ் ஃபார்லி. பெரும்பகுதி பேசி முடித்த நிலையில், 1997 டிசம்பரில், 33 வயதில் இறந்துபோனார். பிறகு வந்த மைக் மையர்ஸ் கனடாக்காரர். தன் சாதாரணப் பேச்சிலேயே பேசிக் கொடுத்தார். அரைகுறையாகச் சேர்த்த படத்தைப் பார்த்த பிறகு, திருப்தியில்லை, ஸ்காட்லாந்துப் பேச்சில் மறுபடி பேசுகிறேன் என்று நின்றார். ஏற்கனவே வரைந்ததில் ஒரு பங்கை மறுபடி வரைய வேண்டிவந்தது, லட்சக்கணக்கான டாலர் கூடுதல் செலவு. அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும்: படத்தில் குட்டைப் பிரபுவாக வரும் ஃபார்குவாட் மேட்டுக்குடி ஆங்கிலம் பேசுகிறான், அவனுக்கு எதிரே நிற்கிற சேற்றுக் காட்டுக்காரன் உழைக்கிற ஜனத்தின் பேச்சைத்தான் பேசவேண்டும். அந்தப் பேச்சு மாறியதும் பூதத்துக்கு ஒரு ஊர் கிடைத்தது, ஒரு கோபம் கிடைத்தது. ஊர் வாடைக்காகக் காசைக் கொட்டிய கதை இது. அந்தப் படத்துக்குத்தான் முழுநீள அனிமேஷன் படங்களுக்கான முதல் ஆஸ்கர் போனது.

ஒருதலையாகச் சொல்லக்கூடாது, எதிர்க்கதையும் உண்டு. கார்ட்டூன் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் டார்த் வேடரின் கறுப்பு உடைக்குள் இருந்தவர் டேவிட் பிரௌஸ். இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்து நாட்டுப்புறப் பேச்சு அவருக்கு. படப்பிடிப்பில் உடன் நடித்தவர்களே அவரை 'டார்த் விவசாயி' என்று கேலி செய்திருக்கிறார்கள். கடைசியில் அந்தக் குரலை எடுத்துவிட்டு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலை வைத்தார்கள். வைத்தது சரிதான் என்று கேட்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த ஜோன்ஸ் சின்ன வயசில் திக்குவாய். திக்கலுக்குப் பயந்து ஏறக்குறைய 8 வருஷம் பேசாமலே இருந்தவர். பின்னாளில் 1994-இல் 'லயன் கிங்' முஃபாசாவாகவும் அவர்தான் கர்ஜித்தார், 2019-இல் அதே கதையைப் புதிதாக எடுத்தபோது வேறு யாரையும் தேடாமல் அவரையே கூப்பிட்டார்கள்.

ஆக, வாடை தன்னால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. யார் வாயில், எந்தப் பொம்மைக்கு என்பதுதான் கேள்வி. இதை எனக்கு ஹாலிவுட் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தவர்கள் தோல்பாவைக்கூத்துக்காரர்கள்.

நம்ம மாவட்டத்தில் என் வயசுக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். வெள்ளைத் துணி, அதற்குப் பின்னால் விளக்கு, ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய ராமர், சீதை, அனுமார். அத்தனை பாவைக்கும் ஒரே ஆள்தான் பேசுவார். மிருதங்கமும் ஆர்மோனியமும் வீட்டுக்காரர்கள் கையில் இருக்கும். நாங்கள் சிறுவர்கள் திரைக்குப் பின்னால் எட்டிப்பார்த்து அடி வாங்கியிருக்கிறோம். பார்த்தவரை எனக்கு ஆச்சரியம், ராவணனுக்கு அந்த ஆள் சத்தத்தைக் கூட்டவே இல்லை. வேகத்தைத்தான் குறைத்தார். ஒவ்வொரு சொல்லையும் அம்மியில் வைத்து அரைப்பது போல. ராமருக்கு ஏட்டுத் தமிழ். கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால் மட்டும் சுத்தமான நாஞ்சில் நாட்டுப் பேச்சு. "என்னடே, சோறு தின்னியாடே" என்றதும் முன்வரிசையில் இருக்கிற பாட்டிகள் எல்லாம் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது, அந்தக் குடும்பங்களின் வீட்டுமொழி மராத்தி. அவர்கள் நம்ம பேச்சைக் காதால் பிடித்து வைத்திருந்தார்கள். எந்த நேரம் எடுக்கவேண்டும், எந்த நேரம் மடித்து வைக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. உங்களுக்கும் எனக்கும் அது பிறவியில் வந்ததால் மடித்து வைக்கத் தெரியவில்லை. ஸ்டுடியோக்காரர் சொல்லவந்ததும் ஏறக்குறைய இதுதான், சொன்ன விதம்தான் மோசம்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். என் பட்டியலில் முதலிடம் 1992-இல் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடருக்குத்தான். கெவின் கான்ராய் நாடகம் படித்து வந்தவர். காமிக்ஸ் பழக்கம் அதிகம் இல்லாதவர். பகலில் பணக்கார புரூஸ் வெய்னாகவும் இரவில் பேட்மேனாகவும் ஒரே ஆளுக்கு ரெண்டு குரல் கொடுத்தார். இதில் சூட்சுமம் எங்கே என்றால், பணக்காரனின் துள்ளலான குரலைத்தான் அவர் வேஷமாக வைத்தார். கரடுமுரடான இரவுக் குரல்தான் அந்த ஆளின் சொந்தக் குரல், தனியாக இருக்கும்போது அவன் அதில்தான் பேசுவான். ஓரினச்சேர்க்கையாளரான தான், உலகத்துக்கு ஒரு முகமும் தனக்கு ஒரு முகமுமாக எத்தனையோ வருஷம் வாழ்ந்ததிலிருந்துதான் அந்தக் குரல் வந்தது என்று 2022-இல் ஒரு சின்ன காமிக்ஸாகவே எழுதினார். அந்த வருஷம் நவம்பரில் இறந்துபோனார். 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு மீட்புப் பணியாளர்களுக்குச் சமைத்துப்போட்ட இடத்தில் இவரும் வேலை செய்திருக்கிறார். அங்கே இருந்தவர்கள், பேட்மேன் இவர்தான் என்றால் நம்பவில்லை. சமையலறைக்குள்ளிருந்து அந்தக் குரலில் ஒரு வசனத்தைச் சொன்ன பிறகுதான் நம்பினார்கள். முகத்தைப் பார்த்து நம்பாதவர்கள் குரலைக் கேட்டு நம்பினார்கள், பாருங்கள்.

அதே தொடரில் பேட்மேனின் எதிரி ஜோக்கர். முதலில் டிம் கரியை வைத்திருந்து மாற்றினார்கள். வந்தவர் மார்க் ஹேமில், ஸ்டார் வார்ஸின் பால்வடியும் முகத்துக் கதாநாயகன். திரையில் அவரைப் பார்த்தால் ஜோக்கர் என்று எந்த இயக்குநருக்கும் தோன்றாது. முகம் தெரியாத இடத்தில் அந்தத் தடை இல்லை. முதலில் அதே தொடரில் ஒரு சின்ன வேஷத்துக்குப் பேசியவர், அதற்குப் பிறகுதான் ஜோக்கர் ஆனார். அவருடைய ஜோக்கருக்கு ஒரே சிரிப்பு கிடையாது. கோபத்துக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று, சும்மா இருக்கும்போது ஒன்று. நம்ம ஊர் மிமிக்ரிக்காரர்கள் ஒரு சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மேடை மேடையாக ஓட்டுவார்கள், அவர்கள் இதைக் கேட்கவேண்டும். கான்ராய் போன பிறகு ஜோக்கர் வேண்டாம் என்று ஹேமிலும் ஒதுங்கிவிட்டார்.

அந்தத் தொடரின் குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரோமானோ. முடிந்தவரை நடிகர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, வானொலி நாடகம் போலப் பதிவு செய்தார். ஒருவர் பேசி முடிக்குமுன் இன்னொருவர் மூச்சு இழுப்பது கூடக் கேட்கும். நம்ம டப்பிங்கில் ஹீரோ திங்கட்கிழமை வருவார், வில்லன் வியாழக்கிழமை வருவார். ரெண்டு பேரும் சண்டை போடுவது ஹெட்போனில்தான்.

இன்னொரு விசேஷம், ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின். இன்று காமிக்ஸிலும் சினிமாவிலும் கொடிகட்டிப் பறக்கிற அந்தப் பெண் காமிக்ஸில் பிறக்கவில்லை, இந்தத் தொடரில்தான் பிறந்தாள். எழுத்தாளர் பால் டினிக்கு ஆர்லீன் சார்க்கின் என்ற நடிகை பழைய சிநேகிதி. ஒரு டிவி தொடரில் அவர் கோமாளி வேஷத்தில் வந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பாத்திரத்தை எழுதினார், பேசவும் அவரையே வைத்தார். அடுத்த வருஷம் 1993-இல் அவள் காமிக்ஸ் புத்தகத்துக்குள் குடிபோனாள். காமிக்ஸிலிருந்து படத்துக்கு வருவதுதான் வழக்கம், இது எதிர்த்திசை. குரல் முதலில், படம் பிறகு.

இந்த 'குரல் முதலில்' என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், தமிழ் டப்பிங்கின் பாடே அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பொதுவாகப் பேச்சைப் பதிவு செய்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டுதான் வரைவார்கள். 1992-இன் 'அலாவுதீன்' பூதம் அப்படி வந்ததுதான். ராபின் வில்லியம்ஸ் ஒப்புக்கொள்ளுமுன்பே, அவருடைய பழைய மேடைச் சிரிப்புப் பேச்சு ஒன்றை எடுத்து, அனிமேஷன் ஓவியர் எரிக் கோல்ட்பர்க் அதற்கேற்பப் பூதத்தை ஆடவைத்துக் காட்டினார். பார்த்து விழுந்து விழுந்து சிரித்த வில்லியம்ஸ் வந்தார். வந்தவர் எழுதிக்கொடுத்ததோடு நிற்கவில்லை, வாய்க்கு வந்ததையெல்லாம் மணிக்கணக்காகப் பேசித் தள்ளினார். அதில் பொறுக்கி எடுத்ததற்குப் படம் வரைந்தார்கள். அதனால்தான் அந்தப் பூதத்தின் உடம்பு அந்தக் குரலுக்குத் தைத்த சட்டை போல இருக்கிறது.

தமிழில் பேசவருகிறவனுக்கு அடுத்தவன் அளவுக்குத் தைத்த சட்டைதான் கிடைக்கும். படத்தில் உதடு மூடும் இடத்தில் ப, ம வந்தாகவேண்டும். ஆங்கிலத்தில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும், கையும் அங்கேயே ஓங்கிவிடலாம். நம்ம வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும். கை இறங்கிய பிறகு "...விடமாட்டேன்" என்று வந்தால் எப்படி இருக்கும்? ஒரு அசையில் அவர்கள் முடிப்பது நமக்கு நாலு அசை. வேகமாகப் பேசினால் ராவணன் உச்சிக்குடும்பன் ஆகிவிடுவான். ஜப்பானிய கார்ட்டூன்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே படத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் அதிகம், பல டிவி தொடர்களில் வாய் திறந்து மூடுவதோடு சரி. ஷின்சானும் டோரேமானும் தமிழில் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிறுவர்களுக்குப் பெண்கள் பேசுவதும் ஜப்பானில் பழைய வழக்கம். ஷின்சானுக்கு 1992 முதல் 2018 வரை பேசியவர் அகிகோ யாஜிமா என்ற பெண். டோரேமானுக்கு 1979 முதல் 2005 வரை நொபுயோ ஒயாமா, அவரும் பெண்தான். அமெரிக்காவிலும் பார்ட் சிம்ப்சனுக்கு நான்சி கார்ட்ரைட். நிஜப் பையனை வைத்தால் ரெண்டு வருஷத்தில் குரல் உடைந்துவிடும், தொடர் நிற்காது. இதில் இன்னும் அழகானது 2004-இல் வந்த, ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'ஹவுலின் நகரும் கோட்டை'. அதில் சாபத்தால் கிழவியாகும் பெண்ணுக்கு, இளமையிலும் முதுமையிலும் சியெகோ பைஷோ ஒருவரே பேசினார். ரெண்டு ஆளை வைத்திருந்தால் அது ரெண்டு பெண் ஆகியிருக்கும்.

குறைந்த சொல்லுக்குப் பெரிய ஆளைப் பிடித்த கதை 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி', 2014. மர மனிதன் க்ரூட்டுக்கு வின் டீசல். வசனம் என்று பார்த்தால் ஏறக்குறைய 'நான் க்ரூட்' மட்டும்தான். ஒவ்வொரு இடத்திலும் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதிய தனிப் பிரதியை இயக்குநர் ஜேம்ஸ் கன் கொடுத்திருந்தார். புதுசாக வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் பயிற்சியாகக் கொடுப்பேன்: "கொள்ளாம்" என்ற ஒரே சொல், நம்ம பக்கத்தில் 'நல்லாயிருக்கு' என்று அர்த்தம். மீன்குழம்புக்கு ஒரு கொள்ளாம், சம்பந்தி வீட்டுச் சீருக்கு ஒரு கொள்ளாம், மகன் வாங்கிவந்த மார்க்குக்கு ஒரு கொள்ளாம். விளவங்கோட்டுக்காரர்கள் இதில் வின் டீசலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

இனி தமிழ். நம்ம ஆட்களுக்கு இரவல் குரல் புதிது இல்லை. 80-களில் மோகன் படங்களில் நாம் மயங்கிய குரல் எஸ்.என். சுரேந்தருடையது. அஜித்தின் 'அமராவதி'யில் பேசியது விக்ரம், 'காதலன்' பிரபுதேவாவுக்கும் அவர்தான். அவையெல்லாம் பொருந்தியதற்குக் காரணம், அப்போது அந்தக் குரலைக் கேட்டு வேறு முகம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கார்ட்டூனில் அதற்குச் சமமான வெற்றி 2007-இல் வந்த சுட்டி டிவி. டோராவின் குரங்குக்கு ஆங்கிலத்தில் பூட்ஸ் என்று பெயர், தமிழில் புஜ்ஜி. செருப்புக்கடைப் பெயரைக் கொஞ்சுகிற பெயராக மாற்றிய அந்த ஆளுக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். "குள்ளநரி திருடக்கூடாது" என்ற வரியைச் சொல்லாத பிள்ளை உண்டா? பேசியவர் பெயர் பார்த்த பிள்ளை உண்டா? நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் மலையாளச் சேனலும் வீட்டில் ஓடும். ஒரே பொம்மை ரெண்டு மொழியில் பேசுவதைக் கேட்டு வளர்ந்த காது அது. டப்பிங் வேலைக்கு அதைவிடப் பெரிய மூலதனம் இல்லை.

நட்சத்திரங்களை வைத்த கதைக்கு ரெண்டு முனை. 2019-இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது ஏ.ஆர். முருகதாஸ் வசனம், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி, பிளாக் விடோவுக்கு நம்ம நடிகை ஆண்ட்ரியா. விஜய் சேதுபதியின் குரலைக் குறை சொல்ல யாருமில்லை. ஆனால் அயர்ன் மேனுக்கு ஏற்கனவே வேறு குரல் பழகியிருந்தது, ரசிகர்கள் சத்தம் போட்டார்கள். அந்த ராவணன்-ராமன் கணக்கில் பார்த்தால், அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் நறுக்கு நறுக்கென்று அவசரமாகப் பேசுகிற ஆள், சேதுபதி அசையை இழுத்துச் சாய்ந்து பேசுகிற ஆள். கண் ஒரு வேகத்தில் போகும், காது ஒரு வேகத்தில் போகும்.

அதே வருஷம் 'லயன் கிங்' தமிழில் வேறு மாதிரி நடந்தது. சிம்பாவுக்கு சித்தார்த், கெட்ட சித்தப்பன் ஸ்காருக்கு அரவிந்த் சாமி. 1994 படத்தின் தமிழ்ப் பதிப்பில் வளர்ந்த சிம்பாவுக்குப் பேசியவரும் இதே அரவிந்த் சாமிதான். 25 வருஷத்தில் அதே குரல் அண்ணன் மகன் பக்கத்திலிருந்து சித்தப்பன் பக்கம் போய்விட்டது. யோசித்துச் செய்தார்களோ, தற்செயலோ, எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. காட்டுப்பன்றி பும்பாவுக்கு ரோபோ சங்கர், அதன் கூட்டாளி டிமோனுக்கு சிங்கம்புலி, ஸாஸு என்ற பறவைக்கு மனோபாலா. சிங்கம்புலியும் ரோபோ சங்கரும் தங்கள் பேச்சைக் கழுவித் துடைத்துக்கொண்டு வரவில்லை, அப்படியே வந்தார்கள். தியேட்டரில் சிரிப்பு வந்தது அவர்கள் இடத்தில்தான். 2024-இன் 'முஃபாசா'வுக்கும் அந்த ஜோடி அப்படியே தொடர்ந்தது, முஃபாசாவுக்கு அர்ஜுன் தாஸ். அவருடைய அடிவயிற்றுக் குரல் அந்தச் சிங்கத்துக்குப் பொருத்தம்தான், இளம்பிராயத்து முஃபாசாவுக்குக் கொஞ்சம் முதிர்ச்சி என்று எனக்குப் பட்டது. பும்பா இனி வேறு யாரோ. ரோபோ சங்கர் 2025 செப்டம்பரில் போய்விட்டார்.

ஆக தம்பி, ஸ்டுடியோக்காரர் கேட்டது தோவாளையிலிருந்து திருத்தணி வரைக்கும் ஒரே மாதிரி ஓடுகிற தமிழ். ஸ்பைடர்மேன் நியூயார்க் கட்டிடத்தில் தொங்கிக்கொண்டு "எங்கல போற மக்கா" என்றால் கேட்க ஆசையாகத்தான் இருக்கும், வியாபாரம் ஆகாது. அந்தப் பொதுத்தமிழைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆறு மாசப் பாடுதான். தினம் தினத்தந்தி தலையங்கத்தை உரக்க வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். நம்ம ஆட்களுக்கு வாக்கியத்தின் கடைசி அசை தானாக மேலே போய் வளையும், அதை முதலில் கவனியுங்கள். சொல்லில் வருகிற வாடையை ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். ராகத்தில் வருவது லேசில் போகாது.

ஆனால் பழையதைத் தொலைத்துவிடவேண்டாம். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி மகான் கதையை வில்லில் பாடியது நம்ம மண்ணின் தாளத்தை விட்டுவிட்டு அல்ல. அடுத்த டெஸ்டுக்குப் போகும்போது ரெண்டு மாதிரிப் பதிவு கொண்டுபோங்கள். ஒன்று பொதுத்தமிழில் நாயகன். இன்னொன்று நம்ம பேச்சில் ஒரு பன்றியோ கழுதையோ காவல்காரனோ, ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நாயகனுக்கு வரிசை நீளம், கழுதைக்கு ஆள் கிடைக்காமல் கோஆர்டினேட்டர் ராத்திரி பத்து மணிக்குப் போன் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். பதிவு செய்ய ஸ்டுடியோ தேவையில்லை, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் முகத்தை விட்டுப் பேசினாலே எதிரொலி அடங்கிவிடும். மின்விசிறியை மட்டும் அணைத்துவிடுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வடசேரிக்கு வாங்க, என்னிடம் இருக்கிற மைக்கிலேயே கழுதையை முதலில் எடுத்துவிடுவோம்.